வராத புகார்களின் கணக்கு

மென்பொருளைத் திருத்த உட்காருகிறவர்கள் முதலில் புகார்ப் பட்டியலைத்தான் திறப்பார்கள். எந்தக் குறையை அதிகம் பேர் சொன்னார்களோ அது மேலே போகும். இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு அந்த வரிசையில் நம்பிக்கை குறைவு. புகார் சொல்வதற்குப் போன் வேண்டும், நேரம் வேண்டும், சொன்னால் ஏதாவது நடக்கும் என்ற எண்ணமும் வேண்டும். இவை இல்லாதவர்களைத்தான் மென்பொருள் அதிகம் படுத்துகிறது.

ரேஷன் கடையையே எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தது, 2020 அக்டோபரில் கைரேகை வந்தது. 2025-இல் மின்னணுத் தராசை பில் மெஷினோடு இணைத்தபோது, பில் போட நேரமாகிறது என்று கடைப் பணியாளர்கள் போராடினார்கள். நியாயமான புகார், அவர்களுக்குச் சங்கம் இருந்ததால் செய்தியும் ஆனது. திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளியின் நிலை வேறு. டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலைப் படித்தவர்களுக்குச் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்பு கையை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. அப்படித் தேய்ந்த விரலை மெஷின் ஏற்காவிட்டால் அவர் புகார் எண்ணான 1967-க்குப் போன் போட்டுக்கொண்டு நிற்கமாட்டார். மறுநாள் மனைவியையோ மகனையோ அனுப்புவார். அரிசி வீட்டுக்கு வந்துவிடும். கணினியில் அது குறையில்லாமல் முடிந்த விற்பனை. அனுப்ப ஆளில்லாத ஒண்டிக்கட்டை என்றால், அந்த மாதம் அவர் வாங்கவில்லை என்று மட்டும் பதிவாகும். வேண்டாம் என்று வாங்காதவரும் முடியாமல் திரும்பியவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

‘அப்படியானால் புகாரே வேண்டாம், மெஷினின் பதிவுகளே போதுமே’ என்று கேட்கலாம். போதாது. ஒரே அட்டைக்கு மூன்று முறை ரேகை தவறி, நான்காவதாக இன்னொருவர் விரலில் பில் விழுந்ததைப் பதிவு காட்டும். காரணம் விரலா, அழுக்கேறிய கண்ணாடியா என்பதைக் காட்டாது. அது கடையில் நிற்பவருக்குத்தான் தெரியும். ‘நாலு பேருக்காக எல்லோருக்குமான மென்பொருளை மாற்றுவதா’ என்பது இதைவிடக் கனமான கேள்வி. அந்த நாலு பேர் என்ற எண்ணிக்கை புகார்ப் பட்டியலிலிருந்து வந்தது. அவர்கள் பட்டியலில் சேராததுதானே இங்கே சிக்கல். தவிர, மெதுவாக நகரும் திரையும் கைக்கு வராத ஒரு மாத அரிசியும் ஒரே எடையுள்ள குறைகள் அல்ல. மாற்றமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கருவிழிப் பதிவு வந்தது. கடைக்கு வர இயலாதவருக்குப் பதிலாக வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 12-இல் தொடங்கிய தாயுமானவர் திட்டம் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே பொருளைக் கொடுக்கிறது. நல்ல திட்டம்தான், ஆனால் அது நடக்க முடியாதவருக்கான பதில். நாற்பது வயதில் ரேகை போனவர் அதில் வரமாட்டார்.

அதனால் இந்த மென்பொருளில் கைவைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புகார்களை எண்ணுவதற்கு முன், ரேகை தவறிய பதிவுகளைக் கடைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். எந்தக் கடையில் அது குவிகிறதோ, அந்த விற்பனையாளரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.