தடிமனோடு கடலுக்குள்

மன்னார்க் கரையோரக் கிராமமொன்றில் எங்கள் மாதர் குழு மாதமொருமுறை கூடும். கடலட்டையும் சங்கும் எடுக்கச் சுழியோடுபவர்களின் தாய்மாரும் மனைவிமாருந்தான் அதில் அதிகம். 2022 இல் ஒரு கூட்டம் முடிந்ததும் ஓர் அக்கா என்னிடம் வந்தார்.

"மிஸ், மகனுக்கு ரெண்டு நாளாத் தடிமன். மூக்கு அடைச்சுக் கிடக்கு. உங்களிட்டக் குளிசை ஏதும் இருக்கோ? நாளைக்குத் தொழிலுக்குப் போகோணும்."

கைப்பையில் மூக்கடைப்புக் குளிசைகள் இரண்டு இருந்தன. யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது தம்பி விறாந்தையில் இருந்தான். இடது காதில் பஞ்சு. குளிசை போட்டதும் மூக்குத் திறந்ததாம். முதல் தரம் இறங்கியதில் ஒரு கரைச்சலும் இல்லை. இரண்டாம் தரம் மேலே வரும்போதுதான் காதுக்குள் ஏதோ வெடித்ததுபோல இருந்ததாம். குளிர்நீர் உள்ளே போய்த் தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. மூச்சுக் குமிழிகள் போன பக்கத்தைப் பார்த்துத்தான் மேலே வந்திருக்கிறான்.

நான் படித்தது சமூகவியல். காதைப் பற்றி அன்றுவரை எனக்குத் தெரிந்தது குறைவு. அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் கேட்டேன். மூக்கின் பின்புறத்திலிருந்து காதின் உட்பகுதிக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. எச்சில் விழுங்கும்போது அது திறந்து காற்றைச் சமப்படுத்தும். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு. காதுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். தடிமனில் குழாய் வீங்கி அடைத்திருந்தால் புதுக்காற்று போகாது, செவிப்பறை உள்ளே இழுபடும். மூக்கைப் பொத்திப் பலமாக ஊதினால் உட்காதே பழுதாகி, கேட்கும் சக்தி திரும்பி வராமலும் போகலாம். "ஆழம் குறைவுதானே" என்பதும் பிழை. அழுத்தம் மடங்குக் கணக்கில் வேகமாகக் கூடுவது அந்த முதல் 10 மீற்றரில்தான்.

குளிசையின் கதை இன்னும் மோசம். அது வேலை செய்யும்வரை குழாய் திறந்திருக்கும். கடலுக்கடியில் வேகம் குறைந்து குழாய் மூடிக்கொண்டால், அகப்பட்ட காற்று மேலே வர வர விரியும், போக வழியிருக்காது. சளி இருமலோடு போகிறவர்களுக்கு நெஞ்சிலும் இப்படிக் காற்று அகப்பட்டு நுரையீரல் கிழியலாமாம். (எல்லாரும் ஒக்சிசன் சிலிண்டர் என்கிறோம். உள்ளே அடைப்பது பெரும்பாலும் வெறும் காற்றுத்தான்.)

பிறகு டொக்டர் கேட்டார், "சின்ன வயசில கிட்ட ஷெல் விழுந்ததோ?"

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. 2009 இல் பங்கருக்குள் இருந்தபோது அவனுக்கு ஏழு வயது. அதே இடது காதால் இரத்தம் வந்தது. ஆறிவிட்டதென்று விட்டுவிட்டார்கள். தொழிலுக்கு இறங்குமுன் யாரும் அவன் காதைப் பார்த்ததில்லை.

"தடிமனெண்டால் நில்லடா எண்டு நான் எப்பிடிச் சொல்ல, மிஸ்? கிழமைக் கடன் என்ர பேரில. அவன் நிண்டால் போட்டில வேற பெடியன் ஏறிடுவான்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் குழுவின் சேமிப்பில் கொஞ்சத்தை ஒதுக்கச் சொல்லிக் கேட்டேன். சுழியோடுபவர் தடிமனோடு வீட்டில் நின்றால் அந்தக் கிழமைத் தவணைக்கு வட்டியில்லாமல் கைமாற்று. சிலர் முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார்கள். போன மாதம் இரண்டு பேர் வாங்கினார்கள். ஒருவர் வாங்கியும் கடலுக்குப் போய்விட்டார்.

தம்பி இப்போது இறங்குவதில்லை, போட் ஓட்டுகிறான். கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பித்தான் கேட்கிறான்.