திகதி யாருடையது?

ஒரு கேம் சொதப்பினால் நாங்கள் முதலில் திட்டுவது புரோகிராமர்களைத்தான். பக் இருந்தால், அவங்கள் ஒழுங்கா வேலை செய்யேல்லை எண்டு முடிவு கட்டிவிடுவோம். ஆனால் கேம் எந்தத் திகதியில் கடைக்கு வரவேண்டும் என்பதை அநேகமாக அவர்கள் தீர்மானிப்பதில்லை. காசு போட்டவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

சைபர்பங்க் 2077 ஐ எடுத்துக்கொள்வோம். அதைச் செய்த சிடி புரொஜெக்ட், வார்சோ பங்குச்சந்தையில் இருக்கிற போலந்துக் கொம்பனி. 2020 ஏப்ரலில் வரவேண்டிய கேம் மூன்று தடவை தள்ளிப்போய், நத்தார் வியாபாரத்துக்குச் சற்று முன், டிசம்பர் 10 இல் வந்தது. அதற்குள் 80 இலட்சம் பிரதிகள் முன்பதிவாகியிருந்தன. வெளிவர முதல் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டும். பிளேஸ்டேஷன் 4 இல் ஓடவிட்ட சனத்துக்குத்தான் உண்மை தெரிந்தது. ஒரு கிழமை கழிய சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது.

மற்றப் பக்கம் பெல்ஜியத்தின் லாரியன். டென்சென்டுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் பங்குச்சந்தையில் இல்லை, பெரும்பங்கு நிறுவனர் பக்கம்தான். பால்டர்ஸ் கேட் 3 இன் முதல் அங்கத்தை மட்டும் 2020 ஒக்டோபரில் முழு விலைக்கு விற்றார்கள். கிட்டத்தட்ட மூன்று வருசம் விளையாடினவர்களிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2023 ஓகஸ்ட்டில் முழுசாக வெளியிட்டார்கள்.

யோசிச்சுப் பாருங்கோ, ரெண்டு கொம்பனியும் முடியாத கேமைத்தான் வித்தது. ஒண்டு அதைச் சொல்லி வித்தது, மற்றது சொல்லாமல் வித்தது. காத்திருக்கக்கூடிய உரிமையாளர் இருந்தால் உண்மையைச் சொல்வது கொஞ்சம் லேசு.

அதுக்காக உரிமையாளர் பெரிய ஆளாக இருந்தால் போதும் எண்டும் இல்லை. 2023 இல் ஹை-ஃபை ரஷ் செய்து பாராட்டு வாங்கிய டாங்கோ கேம்வேர்க்ஸை மூடப்போவதாக அடுத்த வருசமே மைக்ரோசொஃப்ட் அறிவித்தது.

"பிறகு பட்ச் வந்து சரியாகும்தானே" எண்டு கேட்பீர்கள். சைபர்பங்கைப் புதுக்கேம் மாதிரி மாற்றிய 2.0 பட்ச் 2023 செப்டெம்பரில் வந்தது. பிளேஸ்டேஷன் 4 க்கு அது வரவே இல்லை. ஆகக்கூட அடிபட்டவர்கள் அவர்கள்தான்.

பழைய மெஷினோடும் அளந்து போட்ட டேட்டாவோடும் விளையாடுகிற நாங்கள் இதை மறக்கக்கூடாது. முன்பதிவுக்குக் காசு கட்டமுதல் ட்ரெய்லரைப் பார்க்கிறது காணாது. அந்தத் திகதி யாருடையது எண்டும் பார்க்கவேணும்.