நாள் குறித்தலும் நாவின் வாக்கும்

ஒரு ஞாயிறு மாலை. அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். சிறு வயதில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஸலாம் கூறி அருகில் வந்து அமர்ந்தார். ஒரகடம் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பல்லாண்டுகளாகப் பணிபுரிபவர். அண்மையில் மேலாளராக உயர்ந்தவர். கையில் தடித்த குறிப்பேடொன்று இருந்தது. "ஹஜ்ரத், பரீட்சை எழுதப் போகிறேன். துஆ செய்யுங்கள்" என்றார்.

நாற்பதை நெருங்கும் வயதில் என்ன பரீட்சை என்று வினவினோம். திட்ட மேலாண்மை என்றார். ஞாயிறுதோறும் சென்னைக்குச் சென்று வகுப்பில் அமர்கிறாராம்.

"வேலை தெரிந்தவர் என்றுதானே உம்மை மேலாளர் ஆக்கினார்கள்? பிறகு எதற்குப் பாடம்?" என்று சற்றே நகைத்தவாறு கேட்டோம்.

"வேலையைச் செய்வது வேறு, பலர் கூடிச் செய்யும் வேலையைச் சொன்ன நாளில், சொன்ன செலவில் முடித்துக் கொடுப்பது வேறு. முன்னதை ஆலை கற்றுத் தந்தது. பின்னதை எனக்கு எவரும் கற்றுத் தரவில்லை, ஹஜ்ரத்" என்றார். நம் நகைப்பு அடங்கியது.

அவர் கூறியவற்றின் சுருக்கம் இது. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு தோன்றிய திட்ட மேலாண்மைக் கழகம், 1984 முதல் இத்துறையில் தேர்வு நடத்திச் சான்று வழங்கி வருகிறது. சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. இத்தேர்வு பணியில் இருப்போருக்கே உரியது. சில ஆண்டு அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் இன்றி விண்ணப்பிக்க இயலாது. பெற்ற சான்றும் நிலையானதன்று. மூன்றாண்டுக்கொரு முறை, மேலும் 60 மணி நேர அளவுக்குக் கற்றதைக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கற்றவர் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நம் மதரஸாக்களுக்கும் புதிய கொள்கை அன்று.

பாடத்தின் உட்பொருளையும் விளக்குமாறு கேட்டோம். எதிர் வீட்டுத் தறியின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதையே எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

காஞ்சிப் பட்டுப் புடவை ஒன்று தறியில் ஏறுமுன் எத்தனை வேலைகள்! கர்நாடகத்திலிருந்து பட்டு நூல் வர வேண்டும். சூரத்திலிருந்து சரிகை வர வேண்டும். நூலுக்குச் சாயம் ஏற்றி உலர்த்த வேண்டும். பாவு நீட்ட வேண்டும். அச்சு பிணைக்க வேண்டும். தார் சுற்ற வேண்டும். கரைக்கும் முந்தானைக்கும் ஜக்கார்டு அட்டை வெட்ட வேண்டும். கோர்வைப் புடவையாயின் நெசவாளருக்குத் துணையாக இன்னொருவரும் தறியருகே அமர வேண்டும். இவற்றுள் சில ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கும். சாயம் காயாமல் பாவு நீட்ட முடியாது. சில ஒரே வேளையில் நடக்கும்; நூல் காயும்போதே அட்டையை வெட்டலாம். அட்டை வர இரண்டு நாள் தாமதித்தாலும் புடவைக்குத் தாமதமில்லாமல் போகலாம். சாயம் இரண்டு நாள் தாமதித்தால் புடவையும் இரண்டு நாள் தாமதிக்கும்.

"தாமதத்தைச் சற்றும் பொறுக்காத வேலைகளின் சங்கிலி எது என்று முதலில் கண்டுகொள்வதே பாடத்தின் முதுகெலும்பு, ஹஜ்ரத்" என்றார். இம்முறையை 1957இல் டூபாண்ட் என்னும் இரசாயன நிறுவனத்தார் தம் ஆலைகளுக்காக வகுத்தனராம். மறு ஆண்டே அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதை ஒத்த வேறொரு முறையைக் கண்டது.

மழைக்காலத்தில் குழித்தறிகளில் நீர் ஊறும். தெருவில் பாவு நீட்ட வெயில் இராது. இதை எண்ணாமல் ஐப்பசியில் கலியாணப் புடவைக்கு நாள் கொடுக்கும் நெசவாளர் இல்லை. வரக்கூடிய இடையூறுகளை முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வழி வைத்திருப்பது அவர் பயிலும் மற்றொரு பாடம். ஏழாண்டுச் செழிப்பில் தானியத்தைக் கதிரோடு சேமித்து ஏழாண்டுப் பஞ்சத்தை எதிர்கொண்ட யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு நம் நினைவுக்கு வந்தது.

பேச்சு இவ்வாறு சென்றுகொண்டிருக்கையில் அவர் பார்வை நம் மதரஸாவின் மாடியை நோக்கிச் சென்றது. ஜன்னல் இன்றி, பூச்சு இன்றி, பாதியில் நின்ற வகுப்பறை அது. "ஹஜ்ரத், இது எப்போது முடியும்?" என்று கேட்டார்.

"இன்ஷா அல்லாஹ், விரைவில்" என்றோம்.

அவர் ஒன்றும் கூறவில்லை. குறிப்பேட்டை மூடிக்கொண்டார். அந்த மௌனம் நம்மைச் சுட்டது.

அக்கட்டடத்தின் பொறுப்பு நம்முடையது. ஷவ்வாலில் புதிய ஓதல் ஆண்டு தொடங்குமுன் முடித்துத் தருவதாக ஜமாஅத்தாரிடம் சொல்லியிருந்தோம். ஷவ்வால் வந்தது, போனது. கேட்டவர்க்கெல்லாம் இதே விடையைக் கூறி வந்தோம். நாளையச் செயலைச் சொல்லும்போது இறை நாட்டத்தையும் சேர்த்துச் சொல்லுமாறு அல்கஹ்பு அத்தியாயம் போதிக்கிறது. செய்வேன் என்னும் உறுதியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சொல் அது. நாமோ உறுதியை விட்டுவிட்டோம். நாள் சொல்லாமல் தப்பிக்க அப்புனிதச் சொல்லைத் திரையாக்கினோம். ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியைப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை போதித்திருப்போம்!

அன்றிரவே இஷாவுக்குப் பின் மாணவரை இருத்திக்கொண்டு, மீதமுள்ள வேலைகள் அனைத்தையும் தாளில் எழுதினோம். பணம் போதவில்லை என்பதே தாமதத்தின் காரணம் என்று அதுவரை நம்பியிருந்தோம். தாள் வேறு கதை சொல்லிற்று. ஜன்னல் அளவை நாம் கொடுப்போம் என்று தச்சர் இரண்டு மாதம் காத்திருந்தார். அவர் வந்து அளப்பார் என்று நாம் காத்திருந்தோம். ஜன்னல் பொருத்தாமல் பூச்சு வேலை இல்லை. பூச்சு இன்றித் தரை இல்லை. கூரைக்குக் கான்கிரீட் போடுமுன் மின்கம்பிக் குழாய் பதிக்க வேண்டும் என்பதையும் மறந்திருந்தோம். இனி அதற்கு வேறு வழி தேட வேண்டும். அந்தச் செலவு, ஏழைத் தாய்மார் உண்டியலில் இட்ட காசு. நம் கையில் தந்த அமானத்.

மாணவர் பயிலும் பாடத்தில் நன்னெறிக் கோவையும் உண்டு. பொறுப்பு, மரியாதை, நடுநிலை, நேர்மை என்னும் நான்கும் அதன் தூண்கள். வேலை பிந்துகிறது என்றால், பிந்துகிறது என்று அன்றே சொல்ல வேண்டும். "வரைபடம் எவரும் போடலாம், ஹஜ்ரத். பின்தங்கியதை மேலதிகாரி முன் சொல்வதுதான் கடினம். நானும் ஒருமுறை மறைத்தேன். அதன் பிறகே இவ்வகுப்பில் சேர்ந்தேன்" என்றார் அவர், தலை குனிந்தவாறு.

விரைவும் நடவாதது அன்று. 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைச் சீரமைக்க இரயில்வே தந்த காலம் ஆறு மாதம். பொறியாளர் ஸ்ரீதரன், கடலில் வீழ்ந்த உத்தரங்களையும் மீட்டு, 46 நாளில் முடித்தார். நமக்கு அவர்தம் ஆற்றல் இல்லை. உண்மையைச் சொல்லும் நா மட்டும் உண்டு.

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் எழுந்து நின்று, பிழை நம்முடையது என்றும், வேலை முடியும் நாள் இன்னது என்றும் ஜமாஅத்தாரிடம் கூறினோம். சிலர் முகம் சுளித்தனர். முதிய நெசவாளர் ஒருவர் மட்டும் அருகில் வந்து, "நாள் தெரிந்தால் காத்திருப்பது பாரம் இல்லை, ஹஜ்ரத்" என்று கையைப் பற்றினார்.

அந்நாள் இப்போது மாடிப்படிச் சுவரில் கரிக்கட்டியால் எழுதப்பட்டிருக்கிறது. ஜன்னல்கள் பொருத்தியாகிவிட்டன, பூச்சு நடக்கிறது. யாரேனும் கேட்டால், முதலில் அந்நாளைச் சொல்கிறோம். பிறகே இன்ஷா அல்லாஹ் என்கிறோம்.