நடுப்பகலை விட்டுக்கொடுங்கள்

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஊருக்குள்ளேயே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சின் உண்மை கோடையில்தான் உறைக்கும். பகலெல்லாம் காய்ந்த மொட்டைப் பாறைகள், வாங்கிய சூட்டை இரவு முழுக்கத் திருப்பித் தந்துகொண்டிருக்கும். பாலாற்றில் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். சென்னைக்காரர்களுக்கு மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும். சுமார் 130 கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சித்திரை பிறப்பதற்கு முன்பே வேலூரில் வெயில் சதம் அடித்ததாகப் பத்திரிகையில் வந்துவிடும். கத்திரி தொடங்கிய பிறகு 104, 106 டிகிரி என்று போனாலும் கடைத்தெருவில் யாரும் அதை ஒரு சேதியாகப் பேசுவதில்லை.

இந்த ஊர்க் கோடைகளில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். வெயிலோடு மல்லுக்கு நிற்க முடியாது. பகலில் ஒரு துண்டை அதற்கு விட்டுக்கொடுத்துவிட்டால் மீதிப் பொழுதை அது நமக்கு விட்டுவிடும். காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை வெயிலுடைய நேரம். அதற்கு முன்னும் பின்னும் உள்ளது நம்முடையது. கோடையில் உடம்பும் மனசும் நன்றாக இருக்க எத்தனையோ யோசனை சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த நேரக் கணக்கைத்தான் வைப்பேன்.

எங்கள் ஆயா வாழ்ந்தது அப்படித்தான். பங்குனி முடிகிறபோதே வீட்டின் பொழுது மாறிவிடும். விடியற்காலை நாலரைக்கு வாசல் தெளித்தாகிவிடும். துவைப்பது, தண்ணீர் பிடிப்பது, கொல்லை வேலை, கடைக்குப் போவது எல்லாம் பத்து மணிக்குள் முடிந்தாக வேண்டும். அடுப்பும் அதற்குள் அணைந்துவிடும். அதன் பிறகு மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, கோரைப்பாயைப் போட்டுவிடுவாள். தலையணைகூடக் கிடையாது. பிள்ளைகள் வெளியே கிளம்பினால், "எங்கடா கண்ணு போற, வெயில் தாழட்டும்" என்பாள். வெயில் தாழ்ந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடலாம். மதியம் தடுத்ததற்கு ஈடாக மாலையை அவள் தாராளமாகவே கொடுத்தாள்.

அந்த நாட்களின் சாப்பாடு கூழ்தான். வட மாவட்டங்களில் கூழ் இல்லாமல் கோடை இல்லை. முந்தின நாளே கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைத்துவிட வேண்டும். சாயங்காலம் நொய்யை நன்றாகக் குழைய வேகவிட்டு, புளித்த கரைசலை ஊற்றி, துடுப்பால் விடாமல் கிளறுவார்கள். கிளறுவது சுலபமில்லை. அடி பிடித்தால் மொத்தமும் தீய்ந்த வாடை வந்துவிடும். கையை நனைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இறக்கி மூடி வைத்தால் இராத்திரியில் இன்னும் கொஞ்சம் புளிக்கும். காலையில் அதில் ஒரு பங்கை எடுத்து, மோர் விட்டு, கல்லுப்புப் போட்டு, கட்டி இல்லாமல் கையாலேயே கரைத்து, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போடுவாள் ஆயா. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், கொத்தவரை வற்றல், மாங்காய்க் கீற்று. வாங்கி வைத்திருந்தால் கருவாடு. ஒரு சொம்பு குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு நடுப்பகல் வரை பசியும் தெரியாது, நாக்கும் வறளாது.

கூழ் உடம்புக்குக் குளிர்ச்சி என்று சொல்வதில் பொருள் இருக்கிறது. வியர்வையில் நாம் இழப்பது தண்ணீரும் உப்பும். ஒரு சொம்புக் கூழில் அவை இரண்டும் இருக்கின்றன, வயிற்றை உறுத்தாத மாவும் இருக்கிறது. நீராகாரமும் நீர்மோரும் அப்படியே. புட்டியில் வரும் இனிப்புக் குளிர்பானங்களைக் கோடைக்கான பானம் என்று ஏற்க என்னால் முடிவதில்லை. அவற்றில் குளிரும் சர்க்கரையும்தான் மிகுதி.

வெளியே வெப்பம் ஏறும்போது உடம்பு நம்பியிருப்பது வியர்வையை. வியர்த்தால் மட்டும் போதாது, வியர்வை காய வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் வழிந்துவிடும், உடம்பும் குளிராது. வேலூரின் 104 டிகிரியைத் தாங்குகிறவர் சென்னைப் புழுக்கத்தின் 97 டிகிரியில் தவித்துப் போவது இதனால்தான். மின்விசிறிக்கும் எல்லை உண்டு. அறையின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் அந்தக் காற்று உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. உடம்பு வெயிலுக்குப் பழகிக்கொள்ள ஒன்றிரண்டு வாரம் தேவை. பழகப் பழக வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், அதில் வீணாகும் உப்பும் குறையும். ஆண்டு முழுக்க ஏசி அறையில் இருந்துவிட்டு, மே மாதத்தில் ஊர்த் திருவிழாவுக்கு வந்து முதல் நாளே உச்சிவெயிலில் நிற்பவர்கள் சுருண்டு விழுவதற்கு இது ஒரு காரணம். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்தக் கூட்டத்துக்கு நீர்மோரும் கூழும் ஊற்றுகிறவர்கள் செய்வதைவிடப் பெரிய தொண்டு அந்த மாதத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும். "எனக்குத் தாகமே இல்லையேப்பா" என்று அவர்கள் சொல்வது மெய்தான், ஆனால் உடம்பு வறண்டுகொண்டிருக்கும். கேட்டுக்கொண்டு நிற்காமல் மணிக்கொரு தரம் கையில் டம்ளரைக் கொடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரக நோயாளிகளுக்கு அது ஆகாது. ஆறு மாதம் முடியாத குழந்தைக்குக் கோடையிலும் தாய்ப்பாலே போதும், தண்ணீர் வேண்டாம். வயிற்றுப்போக்கோ அசதியோ கண்டால், ஓஆர்எஸ் பொட்டலம் கைவசம் இல்லாத நேரத்தில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம்.

வெயிலில் நின்றவர் பேச்சுக் குழறினாலோ, ஆளைத் தெரியாமல் விழித்தாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம். உயிர் போகும் ஆபத்து அது. 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது.

இவ்வளவு சொன்னாலும், கோடை எனக்குப் பிடித்த காலம். மல்லிகை மலிவது இந்த மாதங்களில்தான். விளிம்பு வரை நிறைந்து மணக்கும் மாம்பழக் கூடை வருவதும், நுங்குக்காரர் சீவித் தரும் நுங்கைக் கட்டை விரலால் நோண்டிச் சாப்பிடுவதும் இப்போதுதான். மாலையில் வேலூர்க் கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். அகழியை ஒட்டிய புல்தரையில் ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். வீட்டில் எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அங்கே ஓடிப் பிடித்து விளையாடுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வதும் கோடையில்தான் அதிகம். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுகிறோமே. மொட்டைமாடியில் ஐந்தரைக்கு இரண்டு குடம் தண்ணீர் தெளித்துவிட்டு, எட்டு மணிக்குப் பாயைப் போட்டுக் கதை பேசிப் படுக்கிற சுகத்தை எந்த ஏசியும் தந்ததில்லை. மாடித் தரைக்குக் கோடைக்கு முன்பே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் கீழ் அறையின் சூடும் கொஞ்சம் தணியும். செலவும் அதிகமில்லை.

நடுப்பகலை விட்டுக்கொடுக்க முடியாதவர்களை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. செங்கல் சூளையில் கல் அடுக்கும் பெண்களும், தார் ஊற்றிச் சாலை போடுகிறவர்களும், நூறு நாள் வேலைக்குப் போகும் மூதாட்டிகளும், முதுகில் பெட்டியோடு பைக்கில் பறக்கும் பிள்ளைகளும் "வெயில் தாழட்டும்" என்று உட்கார முடியாது. உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் உயிரிழப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வேண்டிய அறிவிப்புதான். ஆனால் ஆள் போன பிறகு கிடைப்பது அது. ஆள் போகாமல் இருக்க வேலைநேரம் மாற வேண்டும். காலை ஆறிலிருந்து பத்தரை, மாலை நாலிலிருந்து ஆறரை என்று கோடைக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கூலி குறையாமல் அப்படி மாற்ற முடிகிற முதலாளிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலாளியாக இல்லாதவர்களும் செய்ய ஒன்று இருக்கிறது. இந்தக் கோடையில் மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடோ சாமானோ போனில் சொல்லி வரவழைக்காதீர்கள். மாலைக்கு மாற்றிச் சொல்லுங்கள். எப்படியும் வந்து நிற்கிறவரை வாசலிலேயே அனுப்பாமல், நிழலில் உட்காரச் சொல்லி, உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு கொடுத்து அனுப்புங்கள்.