மஞ்சப் பூவும் மஞ்சள் கரிசலாங்கண்ணியும்

பூனாவுல ஐடி கம்பெனி வளாகம், அடுக்குமாடிக் குடியிருப்பு, ரோட்டு நடுத்திட்டுன்னு பல இடத்துல தரையோட தரையா ஒரு செடி படர்ந்து கிடக்கும். பளபளன்னு பச்சை இலை, மேல குட்டிச் சூரியகாந்தி மாதிரி மஞ்சப் பூ. பேரு வெடேலியா. சொந்த ஊரு மெக்சிகோ, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவோட வடபகுதி. நம்மள மாதிரியே ஊர் விட்டு ஊர் வந்தது :-)

போன மழைக்காலத்துல அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. ஒரு நாள் காலைல நடக்கப் போனவங்க முந்தானை நிறைய இலையோட வந்து நின்னாங்க.

"மஞ்சக் கரிசலாங்கண்ணிடா! பறிக்க ஆளில்லாம கிடக்கு. கூட்டு வெச்சுத் தரேன், ஈரலுக்கு நல்லது."

இலையைப் பார்த்ததுமே வேண்டாம்னுட்டேன். ரெண்டும் ஒரே பேரினம்தாங்க. ஆனா நம்ம கரிசலாங்கண்ணி இலை ஒல்லியா, நீளமா, சொரசொரன்னு இருக்கும். இதுல இலை பெரும்பாலும் மூணு மடலாப் பிரிஞ்சிருக்கும். டிரைலொபேட்டாங்கற பேரே அதனாலதான்.

"பூ அதேதானேடா?"

"உனக்கும் சித்திக்கும் ஒரே மூக்கு. அதுக்காக ரெண்டு பேரும் ஒண்ணாம்மா?"

சித்தி பேரை எடுத்ததும் இலை குப்பைக்குப் போயிடுச்சு.

ஆனா விஷயம் சமையலோட முடியலை. உலகத்துலயே மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள்னு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்து நிபுணர் குழு போட்ட பட்டியல்ல இந்தச் செடியும் இருக்கு. பரவறதுக்கு இதுக்கு விதையே வேண்டாம். வெட்டிப் போட்ட தண்டுல ஒரு கணு ஈர மண்ணைத் தொட்டாப் போதும், வேர் விட்டுடும். கம்பளம் மாதிரி மூடிட்டா அடியில வேற எதுவும் தலையெடுக்க முடியாது. நம்ம கரிசலாங்கண்ணிக்கும் பிடிச்சது அதே ஈரம், அதே ஓடைக்கரை. இடத்தை விட்டுக் கொடுக்கப் போறது யாருன்னு சொல்லணுமா?

எங்க குடியிருப்புக்குப் பின்னாடியும் ஒரு ஓடை இருக்கு. தோட்டத்துல கத்தரிச்சதெல்லாம் அங்கதான் போய் விழுந்துட்டிருந்தது. அசோசியேஷன் கூட்டத்துல கேட்டேன். "அழகா இருக்கு, பராமரிப்பு கம்மி, உங்களுக்கு என்ன சார் பிரச்சனை?"ன்னாங்க. ரெண்டு கூட்டம் பேசினதுக்கப்புறம் பாதி வெற்றி. செடி இருக்கும், கழிவு ஓடைக்குப் போகாது. இப்போ சிமெண்ட் தரையில சருகாகற வரைக்கும் காயப் போட்டுத்தான் அப்புறப்படுத்தறாங்க.

உங்க வளாகத்துலயும் இது இருந்தா, வெட்டின தண்டு எங்க போகுதுன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. நர்சரியில மஞ்சள் கரிசலாங்கண்ணின்னு எதைக் கொடுத்தாலும் பூவைப் பார்த்து ஏமாறாதீங்க. இலையைப் பாருங்க. மூணு மடல் தெரிஞ்சா அது கீரையில்லை.