புல்லி சின்னது... செலவு பெருசு!

பல வருஷமாக ஆசைப்பட்ட கார் அது. அமெரிக்காவில், 2003 மாடல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா ஒன்றை வாங்கினார் அவர். கம்பெனியிலிருந்தே சூப்பர்சார்ஜருடன் வந்த கார், 390 குதிரைத்திறன். அதுவும் அவருக்குப் போதவில்லை.

சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் புல்லியைக் கழற்றி, அதைவிடச் சின்னதாக ஒன்றை மாட்டினார். சின்ன புல்லி வேகமாகச் சுற்றும். இன்ஜினுக்குள் இன்னும் அதிகக் காற்றைத் திணிக்கும். மிதித்தால் கார் பறந்தது. பக்கத்து சீட்டில் மகனுக்கு ஒரே குஷி.

ஆனால், காற்று கூடிய அளவுக்கு பெட்ரோலும் கூட வேண்டுமே? பழைய இன்ஜெக்டர்களால் ஓரளவுக்கு மேல் பீய்ச்ச முடியாது.

ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று தேவை. சூப்பர்சார்ஜர் காரை முழுசாக மிதிக்கும்போது, காற்றை 11.5 முதல் 12 பங்குக்குள் நிறுத்துவார்கள் ட்யூனர்கள். கூடுதல் பெட்ரோல் உள்ளே சூட்டைத் தணிக்கும். அது குறைந்தால் இன்ஜின் ‘நாக்’ அடிக்கும், பிஸ்டனே உருகலாம்.

காரில் இருந்த ஆக்ஸிஜன் சென்சாருக்கு 14.7-க்கு மேலா, கீழா என்பது மட்டும்தான் தெரியும். சரியான அளவைச் சொல்ல ‘வைட்பேண்ட்’ சென்சார் வேண்டும். ட்யூனர் அதை மாட்டி, டைனோவில் காரை ஏற்றி மிதித்தார். மீட்டர் 13-ஐத் தாண்டியதும் சட்டென்று காலை எடுத்துவிட்டார். இப்படியே ஓட்டினால் இன்ஜின் தாங்காது என்றார்.

பெரிய இன்ஜெக்டர்கள், புது ட்யூன்... புல்லியின் விலையைப்போலப் பல மடங்கு செலவு. இன்ஜின் தப்பியது.

இப்போது வைட்பேண்ட் மீட்டர் டாஷ்போர்டிலேயே இருக்கிறது. அதைப் படித்துச் சொல்வது மகனின் வேலை!