பாய்ச்சீலைக் கூடாரம்

ஆவணித் திருவிழாவுக்கு மருதமடுத் திருப்பதிக்குச் செல்வோர் அனைவருக்கும் அறை கிடைப்பதில்லை. கோவிலைச் சூழ்ந்த காட்டு மரங்களின் கீழே குடும்பம் குடும்பமாகக் கூடாரமடித்து, அங்கேயே சமைத்து உண்டு, உறங்கி எழுந்து வழிபடுவது தலைமுறைகளாக வந்த வழக்கம். கூடாரம் என்றால் வருந்தித்தான் கிடக்க வேண்டும், அதுவும் ஒரு தவமே என்று எண்ணுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரவு முழுவதும் புரண்டு கிடந்த குழந்தை காலைப் பூசையில் தூங்கி விழும். அதைத் தோளில் தாங்கி நிற்கும் தாய்க்கும் அன்று பூசை இல்லை.

என் பெற்றோர் இதை அறிந்திருந்தனர். எழுபதுகளில் எங்கள் கூடாரம், அப்பாவின் வள்ளத்தில் ஓடித் தேய்ந்த பருத்திப் பாய்ச்சீலை. பயணத்துக்கு முன்னரே அதை முற்றத்தில் விரித்து நீர் தெளித்துக் காயவிடுவார் அப்பா. நூல் ஊறிப் பருத்தால் தையல் துளைகள் அடைபடும் என்பது கடலில் அவர் கற்ற பாடம். மழை தூறும்போது சீலையின் உட்புறத்தில் விரல் வைத்தால் எங்களுக்கு அடி விழும். விரல் பட்ட இடத்திலிருந்து ஒழுகத் தொடங்கிவிடும்.

இடம் தெரிவது அம்மாவின் பொறுப்பு. பாலை, வீரை மரங்களின் நிழல் வேண்டும். ஆனால் தலைக்கு மேலே காய்ந்த கொப்பு இருத்தலாகாது. கல்லையும் வேரையும் அகற்றிய பின்னர், வெறுந்தரையில் தாமே ஒருமுறை படுத்துப் புரண்டு பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத சரிவு முதுகுக்குத் தெரியுமாம். உயர்ந்த பக்கமே தலைமாடு. இரண்டு விரற்கடை வைக்கோல், அதன்மேல் சாக்கு, அதன்மேல் பனையோலைப் பாய். அந்தப் படுக்கைக்கு ஈடான மெத்தையில் நான் இன்றுவரை படுத்ததில்லை.

அக்காலத்தில் அங்கு வீசுவது சோளகக் காற்று. ஆகவே கூடாரத்தின் முதுகு தென்மேற்கிலும் வாசல் வடகிழக்கிலும் இருக்கும். அடுப்பு பத்து அடி தள்ளி, புகை எம்மை நாடாத பக்கத்தில். அரிக்கன் லாம்பையும் வெளியிலேதான் தூக்குவார். பூச்சிகள் வெளிச்சத்தோடு அங்கேயே நின்றுவிடும். புழுதிக்கு அஞ்சி நாற்புறமும் மூடிக்கொள்ளும் அயலவர்கள், தாங்கள் விட்ட மூச்சிலேயே நனைந்து எழுவதைக் கண்டிருக்கிறேன். அம்மாவோ காற்று வராத பக்கத்துச் சீலையை ஒரு சாண் உயர்த்தியே வைப்பார். படுக்குமுன் கடைசி வேலையாகக் கயிறுகளைச் சற்று இளக்கிவிடுவார். பருத்திக் கயிறு ஈரம் பட்டால் சுருங்கும். இறுகக் கட்டியிருந்தால் முளையைப் பிடுங்கிவிடும்.

1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டது. ஆயிரக்கணக்கானோர் மடுவில் தஞ்சமடைந்தனர். நாங்களும் அவர்களுள் இருந்தோம். திருவிழாக்களில் கூடாரமடித்த அதே பாலை மரத்தடிக்கு அப்பா எங்களை அழைத்துச் சென்றார். பழகிய இடம், பழகிய சீலை. முதல் வாரங்களில் சிறுவர்கள் திருவிழா என்றே எண்ணி ஓடித்திரிந்தனர்.

ஆவணிக்கென்று கற்ற வித்தை ஐப்பசிக்குப் போதவில்லை. மாரி தொடங்கியதும் வெள்ளம் பாய்க்குக் கீழே வந்தது. அப்பா கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, தாழ்ந்த பக்கத்தில் வடிகால் திறந்தார். அம்மா களிமண் சுமந்து, உள்ளே ஒரு முழ உயரத்தில் திண்ணை எழுப்பினார். நைந்த சீலைக்கு மேலே பின்னர் பிளாஸ்ரிக் படங்கு வந்தது. வெயில் எறித்தால் உள்ளே அடுப்பைப் போலிருக்கும். அதற்கும் மேலே, இடைவெளி விட்டு, கிடுகு வேய்ந்தோம். இடையில் காற்றோடினால்தான் சூடு தணியும். இவையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தந்தவையல்ல. ஒவ்வொன்றையும் ஓர் இரவின் துன்பம் கற்பித்தது.

மார்கழியில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. அவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அவர் கிடந்த மூலை கடைசிவரைக்கும் நனையவில்லை.”

ஊர் திரும்பி, வீடு கட்டிய பின்னரும் அம்மா மடுவுக்குச் செல்லத் தவறியதில்லை. ஆனால் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடுவார். சீலைக்குக் கீழே படுப்பதில்லை என்பது அவர் வாய்விட்டுச் சொல்லாத விரதம். நாங்களும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு ஆவணியில் என் மகள் நைலோன் கூடாரமொன்று வாங்கி வந்தாள். வளையும் கம்பிகளைக் கோத்தால் கால் மணி நேரத்தில் எழுந்து நிற்கும் வகை. எண்பத்தாறு வயது அம்மா கதிரையில் அமர்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தரை விரிப்பு கூடாரத்துக்கு வெளியே நீண்டிருப்பதைக் கண்டதும் பொறுக்கவில்லை. ஊன்றுகோலால் அதைத் தொட்டு, “உள்ளுக்கு மடித்துவிடு பிள்ளை. மழை பெய்தால் கூரைத் தண்ணீரை ஏந்தி உனக்குக் கீழே கொண்டுவந்து விடும்” என்றார். பிறகு மேலே ஒரு படங்கை இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னார். வலைச் சாளரங்களின் மூடியைத் திறக்கச் சொன்னார். இருட்டியபோது, வீட்டுக்குப் புறப்படவிருந்த வானைத் தாமே அனுப்பிவிட்டு, “இன்றைக்கு இங்கேயே கிடக்கிறேன்” என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தரையிலிருந்து எழுவது அவருக்குக் கடினம் என்பதால் சாக்குக் கட்டிலை வாசலோரம் போட்டோம். பூட்டியின் காலடியில் படுக்கப் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் போட்டியிட்டனர். நள்ளிரவில் அம்மா மெல்ல எழுந்து வெளியே சென்றதை அறிவேன். உடன் செல்ல எழுந்தேன், கையசைத்து நிறுத்தினார். வெளியே கயிறுகள் ஒவ்வொன்றாக இளகும் ஓசை கேட்டது. நான் மீண்டும் படுத்துக்கொண்டேன்.

விடியற்புறம் சிறு தூறல். நைலோன் பருத்தியைப் போன்றதன்று. ஈரம் பட்டால் தளரும். இளகிய கயிறுகளோடு அதுவும் சேர்ந்துகொள்ள, மேலே படங்கு இருந்தும் காற்றோடு சாய்ந்து வந்த தூறலில் கூடாரத்தின் ஒரு பக்கம் தொய்ந்து, என் மகளின் முகத்தில் படிந்தது. அவள் அலறி எழ, பிள்ளைகள் சிரித்தனர். அம்மாவும் சிரித்தார். கூடாரத்துக்குள் அவர் சிரித்து நான் கேட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

“இந்தச் சீலைக்கு வேறு புத்தி” என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்து, கயிற்றை ஒரு கையால் இழுத்துப் பார்த்தார். பின்னர் முளையைக் காட்டி என் மகளிடம் கூறினார்:

“இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடி.”